பொழியூர்ப் படகுப் படத்துக்கு நான் போட்ட எஸ்டிமேட்

மக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ எர்ணாகுளத்திலிருந்து பேசினபோது, "அம்மா, ஒரு மெத்தைக் கம்பெனிக்காரர் அஞ்சு நிமிஷம் ஓடுத ஒரு விளம்பரப் படம் கேக்காரு. எவ்வளவு ஆகும்ணு எழுதிக் குடுக்கணுமாம். நீங்க எல்லாம் எப்பிடிக் கணக்குப் போடுவியோ?" என்று கேட்டாய். உனக்கு அந்தப் பக்கம் எஸ்.டி.டி. பூத்தில் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறதே என்று, "எழுதி அனுப்புதேன்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அப்பாவிடம் சொன்னேன். முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு குப்புறக் கிடந்தவர், "கணக்கு எல்லாம் நீதானே போட்டது. நீயே எழுது" என்று சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சரி என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் எழுதினால் கண்ணில் நீர் வடிகிறது, நிறுத்திவிட்டு மறுநாள் தொடர்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ கேட்ட கணக்கை நாலு வரியில் எழுதிவிடலாம். கேமரா வாடகை நாளுக்கு இவ்வளவு, லைட் வாடகை, கேசட், வண்டி, ஆட்களுக்குக் கூலி, சாப்பாடு, எடிட்டிங்குக்கு மணிக்கு இவ்வளவு, குரல் கொடுப்பவருக்கு, பாட்டுக்கு, நகல் எடுக்க. எல்லாவற்றையும் கூட்டி உங்கள் லாபத்தை மேலே வைத்தால் முடிந்தது. இது உன்னோடு சேர்ந்து கம்பெனி தொடங்குகிற கூட்டுக்காரர்கள் இரண்டு பேருக்கும் என்னைவிட நன்றாகவே தெரிந்திருக்கும். நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் போட்டேன், தப்பில்லாமல் கூட்டினேன். ஆனாலும் ஒரு படத்துக்கு நான் போட்ட எஸ்டிமேட்டை இன்றைக்கும் என்னால் கூட்டி முடிக்க முடியவில்லை. அந்த வருஷம் நீ பத்தாம் வகுப்புக்காக மார்த்தாண்டத்தில் சித்தி வீட்டில் நின்று படித்துக்கொண்டிருந்தாய். பரீட்சை சமயம் என்று உனக்கு நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொல்லத் தோன்றவும் இல்லை. அப்பாவுக்கு இந்தப் பேச்சு பிடிக்காது. இப்போது நீயே அந்தத் தொழிலுக்குப் போகிறாய் என்பதால் சொல்கிறேன்.

பாறசாலையில் நம் ஸ்டூடியோவுக்கு அன்று பெரும்பாலும் கல்யாண வேலைதான். அப்பாவிடம் சொந்தமாக ஒரு வி.எச்.எஸ். கேமரா இருந்தது. கேரள-தமிழ்நாடு எல்லையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கோயில் கல்யாணம், சர்ச் கல்யாணம் என்று வண்டி ஓடிக்கொண்டிருந்தது. சீட்டுக் கம்பெனியில் கணக்கு எழுதிப் பழகியவள் என்பதால் விலை பேசுவது என் வேலை. அப்பாவைப் பேச விட்டால் காப்பி குடித்து முடிப்பதற்குள் பாதி விலைக்குச் சம்மதித்துவிடுவார். அப்போதுதான் பொழியூரிலிருந்து லாசர் வந்தார். கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டு ஃபைபர் படகு செய்கிற ஒரு ஷெட் போட்டிருந்தார். அந்த ஷெட்டுக்கும் அச்சுகளுக்கும் வீட்டை அடமானம் வைத்திருந்தார். முந்தின மழைக்காலத்தில் ஷெட்டுக்கு முன்னால் நின்ற தென்னைகளைக் கடல் கொண்டுபோயிருந்தது. சீக்கிரம் நாலு படகு விற்றால் ஷெட்டை உள்ளே தள்ளிக் கட்டலாம், இல்லாவிட்டால் ஷெட்டும் இல்லை, வீடும் இல்லை என்ற நிலைமை.

"தூத்துக்குடிப் பக்கத்துக்காரங்களுக்குக் காட்டணும் அக்கா," என்றார். "படகை லாரியில ஏத்தி ஊர் ஊராக் கொண்டுபோக எனக்க கையில பணமில்ல. ஒரு கேசட்டுண்ணா பையில வச்சுக் கொண்டுபோலாம். டிவி உள்ள வீட்டில போட்டுக் காட்டினா போதும். செய்யுதது எப்பிடி, கடல்ல போறது எப்பிடி, ரெண்டும் வேணும்."

கல்யாணம் இல்லாத ஒரு வேலை நமக்கு அது முதல்தடவை. அப்பாவுக்கு முகமெல்லாம் வெளிச்சம். நம் கேமராவில் எடுத்து நகலுக்கு நகல் போட்டால் படம் மங்கிவிடும் என்று, திருவனந்தபுரத்திலிருந்து நல்ல கேமரா ஒன்றை வாடகைக்கு எடுப்பதாக முடிவு செய்தோம். அதன் ஒரு நாள் வாடகை, நாம் ஒரு கல்யாணத்தில் மிச்சம் பிடிக்கிற தொகைக்குச் சமம். நான் பேப்பரில் எழுதினேன்: ஷெட்டுக்கு ஒரு நாள், கடலுக்கு ஒரு நாள். ஜீப். கேசட். எடிட்டிங். தமிழில் பேச ஒரு குரல். சாப்பாட்டுக்குப் போட்டிருந்ததை அடித்துவிட்டு நானே சமைத்துக் கொண்டுவருவதாகச் சொன்னேன். அப்பாவின் கூலியைப் பாதியாக்கினேன். அப்படியும் லாசர் தொகையை விரலால் தொட்டுத் தொட்டு இரண்டு தடவை படித்தார். பிறகு, "செய்வோம் அக்கா" என்று முன்பணத்தை எடுத்து வைத்தார். நோட்டில் மீன் மணம் இருந்தது.

எங்களோடு சுகுமாரன் வந்தார். உனக்கு அவரைத் தெரியும், கல்யாண வீடுகளில் லைட் பிடித்துக்கொண்டு நிற்பாரே, குளத்தூர்க்காரர். அதற்குள் அவர் கேமராவும் நன்றாகவே எடுக்கப் பழகியிருந்தார். மனைவி லலிதா அண்டி ஆபீஸில் முந்திரிக் கொட்டை உடைக்கப் போகிறவள். இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டும் சின்னது. அவருக்கு நான் எழுதியது நாள் கூலி, வழக்கம்போல.

முதல் நாள் ஷெட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. இரண்டாம் நாள் கடற்கரைக்குப் போனால் அலை ஆள் உயரத்துக்கு வந்து விழுகிறது. லாசர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார், திரும்பி வந்தோம். அன்றைக்கும் கேமராவுக்கு வாடகை உண்டு. மூன்றாம் நாள் போனோம். அலை கொஞ்சம் அடங்கியிருந்தது போல எனக்குத் தெரிந்தது. லாசர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"இண்ணு வேண்டாம் அண்ணே. நாளைக்கு எறக்குவோம்," என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான், "நாளைக்கும் வாடகை ஓடுமே," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். யாரையும் போகச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கூடுதல் வாடகையை யார் கொடுப்பது என்று நாங்கள் பேசி வைக்கவே இல்லை. லாசரிடம் கேட்க அப்பாவுக்குக் கூச்சம். எங்களிடம் கேட்க லாசருக்குக் கூச்சம். மணலில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து லாசர், "நிண்ணு பாப்போம். அலைக்கு எடையில ஒரு எடவேள கெடைக்கும்," என்றார். அந்த இடைவேளை கிடைத்தது. லாசரும் அவருடைய ஆட்கள் மூன்று பேரும் படகைத் தள்ளி ஏறினார்கள். வாடகைக் கேமராவோடு சுகுமாரன் ஏறினார். அப்பா நம் பழைய கேமராவோடு கரையில் நின்றார்.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. படகு அலைமேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கி, தூரத்தில் வெள்ளையாக ஓடுவதைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது. திரும்பி வரும்போதுதான் பின்னாலிருந்து ஓர் அலை வந்து படகின் வாலைத் தூக்கியது. படகு பக்கவாட்டில் திரும்பியது. அடுத்த அலையில் கவிழ்ந்துவிட்டது. நான் சோற்றுப் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தேன். ஒவ்வொரு தலையாக மேலே வந்தது. லாசரின் ஆட்கள் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டார்கள். சுகுமாரனைக் காணவில்லை. பிறகு முதலில் கேமரா வந்தது, மக்கா. தண்ணீருக்கு மேலே ஒரு கை, அதில் கேமரா. அதற்குப் பிறகுதான் அவர் தலை வந்தது. படகின் விளிம்பு அடுத்த அலையில் தூக்கி வந்து அவருடைய இடது தோளில் அடித்தது. கரையில் நின்றவர்கள் கயிற்றோடு நீந்திப் போய் இழுத்து வந்தார்கள்.

ஜீப்பில் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் என் மடியில் தலை வைத்துக் கிடந்தார். "என்னத்துக்கு சுகுமாரா அதப் பிடிச்சிட்டு கெடந்தே, விட்டிருக்கலாமே" என்று நான் அழுதேன். "வாடகைக் கேமரா ஆக்கும் அக்கா," என்றார். எலும்பு சேர்ந்தது. ஆனால் அந்தக் கை அதற்குப் பிறகு நெஞ்சுக்கு மேலே எழும்பவில்லை. கேமராவும் பிழைக்கவில்லை. உப்புத் தண்ணீர் உள்ளே போய்விட்டது. அதிலிருந்த கேசட்டில் மட்டும் பாதிக்கு மேல் நல்லபடியாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து லாசரின் ஷெட்டில் உட்கார்ந்தோம். கேமராவின் உரிமையாளர் திருவனந்தபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்திருந்தார். கத்துவார் என்று பயந்திருந்தேன். அவர் கத்தவில்லை. "அது கடல்தானே, யாரைக் குற்றம் சொல்ல? புதிய விலை வேண்டாம், நான் உபயோகித்ததைக் கழித்துக்கொண்டு கொடுத்தால் போதும். மெதுவாகக் கொடுங்கள்" என்று மலையாளத்தில் சொன்னார். லாசர், "மூணில ஒரு பங்கு எனக்க கணக்கு," என்றார். அப்பா, மீதி இரண்டு பங்கும் தன்னுடையது என்றார். "அது செரியில்ல அண்ணே, பாதிப் பாதி," என்றார் லாசர். "வேண்டாம் லாசரே, உனக்கு வீடு அடமானத்தில கெடக்கு." இப்படி ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக்கொண்டே போனார்கள். கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு நிறைந்தது. எவ்வளவு நல்ல மனுஷர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது வாசலில் லலிதா வந்து நின்றாள். அண்டி ஆபீஸிலிருந்து நேராக வந்திருந்தாள். கொட்டையின் பால் பட்டு விரலெல்லாம் கருத்திருந்தது. உள்ளே வா என்று கூப்பிட்டேன், வரவில்லை. நாங்கள் பேசியதைக் கொஞ்ச நேரமாகவே கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"கேமராவுக்கு ஆளாளுக்குப் பங்கு சொல்லுதியோ," என்றாள். "நல்லது. அவருக்க தோளு யாருக்க பங்கு?"

சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. மணலைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். ஆஸ்பத்திரிச் செலவை நாம்தான் கொடுத்திருந்தோம், சுகுமாரன் வீட்டுக்கு அரிசியும் கொடுத்து அனுப்பியிருந்தோம். அதோடு அந்தக் கணக்கு முடிந்தது என்று அதுவரைக்கும் எங்கள் மனதில் இருந்திருக்கிறது. அன்றைய பேச்சுக்கு அவரைக் கூப்பிடக்கூட யாருக்கும் தோன்றவில்லை. அந்த ஷெட்டில் கெட்டவர்கள் ஒருவரும் இல்லை, மக்கா. கெட்டவன் ஒருவன் இருந்திருந்தால் அவனைத் திட்டிவிட்டு எழுந்து போயிருப்போம்.

லாசர்தான் முதலில் பேசினார். "கேமராக் கணக்கு பொறவு பேசலாம். மொதல்ல இதுக்கு ஒரு வழி சொல்லுங்கோ." கேமராக்காரர் நெற்றியைத் தடவிக்கொண்டு யோசித்தார். அவருக்குச் சொந்தமாக எடிட்டிங் அறை இருந்தது. "எடிட்டிங்குக்குத் தோள் வேண்டாம். ஒரு கையும் இரண்டு கண்ணும் இருந்தால் போதும். வரச் சொல்லுங்கள், நான் படிப்பித்துக் கொடுக்கிறேன்" என்றார். படிக்கிற காலத்துக்கு வீட்டுச் செலவை லாசரும் நாமும் பங்கிட்டுக்கொள்வது என்று முடிவானது. லலிதா கேட்டுவிட்டு, "அவருட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்," என்று போனாள். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

சுகுமாரன் தினமும் காலை பஸ்ஸில் திருவனந்தபுரம் போனார். இடது கை அப்போது சும்மா தொங்கிக்கொண்டிருக்கும், சட்டைப் பொத்தானைப் பிள்ளைகள்தான் போட்டுவிடுவார்களாம். லாசரின் படத்தையே அவர் கையில் கொடுத்தார் கேமராக்காரர். முதல் வேலை அதுதான். முடிந்ததும் ஷெட்டில் ஒரு டிவியைக் கொண்டுவந்து வைத்துப் போட்டுப் பார்த்தோம். லலிதாவும் வந்திருந்தாள். படகு செய்கிறது, வெள்ளை பூசுகிறது, கடலில் இறங்குகிறது, ஓடுகிறது. படம் முடிந்துவிட்டது என்று நினைத்தோம். அடுத்ததாக அப்பா கரையிலிருந்து எடுத்தது வந்தது. அலை, படகு திரும்புவது, கவிழ்வது. அந்த நேரத்தில் அப்பா கேமராவை நிறுத்தவே இல்லை என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ.

லாசர் எழுந்துவிட்டார். "எலே சுகுமாரா, கவுந்தத எதுக்குடே போட்ட? இதக் காட்டினா எவன் வாங்குவான்?" சுகுமாரன் பதில் சொல்வதற்குள் அன்று படகில் இருந்த ஆள் ஒருவர், "நிறுத்தாத, ஓடட்டு," என்றார். திரையில் கவிழ்ந்த படகு மூழ்காமல் மிதந்துகொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் கிடந்தார்கள். "கட்டுமரம் ஓட்டுதவனுக்கு இதப் போட்டுக் காட்டு லாசரே. கடல்ல கவுராத படகு உண்டா? கவுந்தா பிடிச்சுக் கெடக்க முடியுமாண்ணு தான் அவன் பாப்பான்." லாசர் திரும்ப உட்கார்ந்தார். எனக்கு அதெல்லாம் காதில் விழுந்தும் விழாதது போல இருந்தது. நான் லலிதாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீரிலிருந்து கேமரா மேலே வந்து, பிறகு தலை வருகிற இடத்தில் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சுகுமாரன் திரையைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கவிழ்கிற அந்தக் காட்சியோடேயே கேசட் லாசரின் பையில் போனது. தூத்துக்குடிக்கு அப்பால் ஒரு ஊரில் கவிழ்ந்ததை இரண்டு தடவை திருப்பிப் போடச் சொன்னார்களாம். லாசர் படகு விற்றார், ஷெட்டை உள்ளே தள்ளிக் கட்டினார், வீட்டையும் மீட்டார். எங்களுக்குப் பேசிய தொகையை ஒரு பைசா குறையாமல் கொண்டுவந்து கொடுத்தார். கேமராவில் அவர் பங்கையும் கொடுத்தார். நம் பங்கை முடிக்க அப்பா கிடைத்த கல்யாணம் எல்லாம் எடுத்தார். ஒரே நாளில் அதியன்னூரில் ஒன்று, களியக்காவிளையில் ஒன்று என்று ஓடினார். இன்றைக்குக் குப்புறக் கிடக்கிற முதுகு அப்போது போனதுதான். நீ லீவுக்கு வரும்போதெல்லாம் "அப்பா எங்கே" என்று கேட்பாய், "ஓட்டத்தில இருக்காரு" என்பேன். உனக்குக் கோபம் வரும். கோபம் வந்தது நியாயம்தான். நாங்களும் சரியாகப் பதில் சொல்லவில்லை.

யோசித்துப் பார்த்தால் படம் நன்றாக வந்தது, விற்றது, எல்லோரும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். இருந்தும் நான் களைத்துப்போனேன். அந்த வருஷம் களைத்தது இன்னும் தெளியவில்லை. அதனால் உன் மெத்தைக் கம்பெனிக் கணக்கில் நீ வேறு எதை எழுதினாலும் எழுதாவிட்டாலும், வேலை நடக்காத நாளுக்கு என்று ஒரு வரி எழுது. மழை வரும், கரண்ட் போகும், முதலாளிக்கு வயிறு சரியில்லாமல் போகும். அந்த நாளின் வாடகை யாருடையது என்பதை முதலிலேயே வாய்விட்டுப் பேசு. கூச்சப்படாதே. நான் கடலுக்கு ஒரு நாள்தான் எழுதியிருந்தேன். காசு ஓடுகிறது என்ற பயம் வந்துவிட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டியவனும் சொல்லமாட்டான். லாசருக்குத் தெரியாத கடலா? அவரே ஏறினார். இன்னொன்று, உன்கூட வருகிற ஆட்களுக்கு அடிபட்டால் என்ன செய்வது என்று மூன்று பேரும் இப்போதே உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். தொகை கூடிப்போய் மெத்தைக்காரர் வேண்டாம் என்று சொன்னால் போகட்டும். அவர் போனால் இன்னொருவர் வருவார்.

இதை நேற்று எழுதி மூடி வைத்தேன். இன்று காலை சுகுமாரன் வீட்டுக்கு வந்தார். மூத்தவள் பிளஸ் டூ முடிக்கப் போகிறாளாம். லலிதா அண்டி ஆபீஸ் வேலையை விட்டுவிட்டாள். அப்பாவின் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசினார். இப்போது கம்ப்யூட்டரில் எடிட்டிங் செய்கிறாராம். போகும்போது என்னிடம், "மோன் எர்ணாகுளத்தில கம்பெனி தொடங்குதானாமே. எடிட்டிங்குக்கு ஆள் வேணுமாண்ணு கேளுங்கோ அக்கா. வீட்டு ஆளுண்ணு நெனச்சிரக்கூடாது, சம்பளம் பேசித்தான் வாறது," என்றார். எவ்வளவு என்று கேட்டேன். தயங்காமல் ஒரு தொகை சொன்னார். நான் நினைத்ததைவிட அதிகம். அப்பாகூடக் கண்ணை அகலத் திறந்து பார்த்தார்.

அந்தத் தொகையை இந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அதிகம்தான். ஒரு ரூபாய்கூடக் குறைக்காதே மக்கா.

உன் அம்மா